சித்தியின் கட்டத் தோசை

சித்தி அமெரிக்காவிலிருந்து விடுப்பில் வந்த அன்று, ஆவடிக்குப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் அவளுடைய பெட்டியை இறக்கிவைத்த டாக்சிக்காரர் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா, அம்மிக்கல்ல உள்ள வச்சி பூட்டிகினு வந்துகீறியா?"

சித்தி சிரித்தாள். உள்ளே இருந்தது அம்மிக்கல் இல்லை என்றாலும், அதற்குத் தங்கை முறை ஆகக்கூடிய ஒன்றுதான்.

சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. நர்சு படித்து, ஒஹாயோ என்ற இடத்தில் ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போயிருந்தாள். அடுத்த தெருவில் துபாயிலிருந்து வந்தவர் டூ-இன்-ஒன் கொண்டுவந்து, தெருவுக்கே கேட்கும்படி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. துபாய்க்கே டூ-இன்-ஒன் என்றால் அமெரிக்காவுக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்ட அப்பா, மேசையைத் துடைத்து, பிளக்குக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

பெட்டியிலிருந்து சோப்பு வந்தது. சென்ட் வந்தது. ஆவடி வெயிலில் எனக்கென்று ஒரு கம்பளி ஸ்வெட்டர் வந்தது. கடைசியாக, இரண்டு துண்டுகளில் சுற்றிய கறுப்பு இரும்புச் சாமான் ஒன்று வந்தது. இரண்டு வட்டத் தட்டுகள், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் நீளக் கைப்பிடி. திறந்தால் உள்ளே இரண்டு தட்டிலும் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்.

"இன்னாடி இது, எலிப்பொறியா?" என்றாள் அம்மா.

"வாஃபிள் சுடற இரும்புக்கா. மாவ உள்ள ஊத்தி மூடி அடுப்புல வச்சி, திருப்பிப் போடணும். கட்டம் கட்டமா வரும்."

"அதுல பாட்டு வருமா?" என்று அப்பா கேட்டார். அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான்.

அதைச் சித்தி வாங்கியது ஆமிஷ்காரர்களின் கடையில். ஆமிஷ் என்பது அங்கே வாழும் ஒரு கிறிஸ்தவக் கூட்டம். சித்தி வேலைக்குப் போகிற வழியில் அவர்களுடைய பண்ணைகள் இருந்தன. அவர்கள் வீட்டுக்குள் மின்சாரம் இழுப்பதில்லை. கார் வாங்குவதில்லை. குதிரை வண்டியில் போவார்கள், குதிரை பூட்டி உழுவார்கள். கோயில் என்று தனியாகக் கட்டாமல், வீட்டுக்கு வீடு முறை வைத்து ஆராதனை நடத்துவார்கள். எங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடந்து போய்வரவே கால் வலிக்கும். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடையைப் பற்றிப் பேசும்போது சித்தியின் முகமே மாறிவிடும். உள்ளே டியூப் லைட் கிடையாது, கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் விழும். கோதுமை மாவு, ஓட்ஸ், பட்டாணி, பட்டை, கிராம்பு என்று எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக வரவழைத்து, சின்னப் பைகளில் அளந்து கட்டி, எடையைக் கையால் எழுதி ஒட்டி அடுக்கியிருப்பார்கள். மேலே படம் கிடையாது, கம்பெனிப் பெயர் கிடையாது. உடைந்த பிஸ்கட்டைக்கூட 'உடைந்தது' என்றே எழுதி, குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்.

"நம்ம அண்ணாச்சியும் மூட்டைலேந்துதான் அள்ளிக் குடுக்கிறாரு. அத பாக்க ஏரோப்ளேன் ஏறிப் போவணுமா?" என்றாள் அம்மா.

"அதனாலதாங்க்கா எனக்கு அந்தக் கடைய புடிச்சிது. மத்த கடைல எல்லாம் சாமான எடுத்து வச்சா பில்லு வரும், அவ்ளோதான். இங்க கடைக்கார அம்மா என் மூஞ்சியப் பாத்து, சாப்ட்டியான்னு கேப்பாங்க. அந்த ஊர்ல என்ன அப்பிடிக் கேட்டது அவங்க ஒருத்தங்கதான்."

அதைக் கேட்ட அம்மா, சித்தியின் தலையில் எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வைத்துத் தேய்த்தாள்.

ஒரு ஆமிஷ் குடும்பத்தின் களஞ்சியம் தீப்பிடித்து எரிந்துபோனபோது, சாம்பல் ஆறுவதற்குள் சுற்று வட்டாரமே மரமும் சுத்தியலுமாக வந்து சேர்ந்ததாம். ஆண்கள் மரச்சட்டம் ஏற்ற, பெண்கள் சமைத்துப்போட, இருட்டுவதற்குள் புதுக் களஞ்சியம் நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்தால் செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்களாம். இதையெல்லாம் சித்தி சொல்லச் சொல்ல, நான் ஆமிஷ் ஆகிவிடுவதென்று முடிவு செய்தேன். ஆமிஷ் பெண்களைப்போல அம்மாவின் வெள்ளைக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, இனி டிவி பார்ப்பதில்லை என்று அறிவித்தேன். அந்த விரதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும் வரை நன்றாகவே நடந்தது.

சித்தி திரும்பிப் போவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் தவிப்பு. "வயசு போய்கினே கீது. அங்க தனியா குளிர்ல கெடக்குறா" என்று அப்பாவிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சபை மூப்பர் ஒரு இடம் கொண்டுவந்தார். பூந்தமல்லிப் பக்கம் நல்ல குடும்பம், மாப்பிள்ளை டிப்ளமா படித்தவர், ஒன்றும் கேட்கவில்லை, பெண் மட்டும் போதும் என்கிறார்கள் என்றார். அம்மா கண்கலங்கி ஸ்தோத்திரம் சொன்னாள்.

சித்திக்கு மட்டும் முகம் தெளியவில்லை. அப்பாவிடம் கேட்டாள்:

"மாமா, அவங்க என்னப் பாக்க வராங்களா, இல்ல என் பாஸ்போர்ட்ட பாக்க வராங்களா?"

"வரட்டும்மா. கேட்டா தெரிஞ்சிடப் போவுது" என்றார் அப்பா.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுப்பதுதான் வழக்கம். சித்தி வாஃபிள்தான் கொடுப்பேன் என்றாள். அம்மா எவ்வளவோ கத்திப் பார்த்தாள். கடைசியில் கேசரியும் இருக்கும், வாஃபிளும் இருக்கும் என்று முடிவானது. மைதா, முட்டை, பால், உருக்கிய வெண்ணெய். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் அந்த இரும்பு உட்கார்ந்தபோது ஸ்டவ்வின் கால்களே கொஞ்சம் வளைந்த மாதிரி இருந்தது. முதல் வாஃபிள் இரண்டு தட்டிலும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவந்தது. இரண்டாவது, பொன் நிறத்தில், கட்டம் கட்டமாக, ஓரம் மொறுமொறுவென்று முழுசாக விழுந்தது. அந்த ஊர் மரத்திலிருந்து எடுக்கும் பாகு இங்கே கிடையாது என்பதால் அம்மா வெல்லப்பாகு காய்ச்சினாள். கட்டங்களுக்குள் பாகு குட்டிக் குட்டிக் குளங்களாகத் தேங்கி நின்றது. அவ்வளவு அழகான பலகாரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். தாய்மாமன்தான் ஜெபத்தை ஆரம்பித்தார். 'தூர தேசத்தின் கதவுகளைத் திறக்கிறவரே' என்று தொடங்கி, விமானம், விசா எல்லாவற்றையும் ஆண்டவருக்கு நினைவுபடுத்தி, நீளமாக ஜெபித்தார். நான் கண்ணை மூடாமல் பார்த்ததில், மாப்பிள்ளையும் கண்ணை மூடவில்லை. சித்தி கொண்டுவந்த சூட்கேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்னதும் பேச்சு தொடங்கியது.

"கல்யாணம் ஆனா பையன் எத்தினி மாசத்துல வரலாம்?" என்று மாமன் கேட்டார்.

"அவன் போயி செட்டில் ஆயிட்டான்னா, சின்னவனையும் இட்டுகலாம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி எல்லோருக்கும் வாஃபிள் வைத்தாள். மாமன் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னாமா இது, தோசைக்கு ஜன்னல் வச்சா மாதிரி கீது?"

"எங்க ஊருப் பக்கத்துல செய்வாங்க. அந்த ஜனங்க ரொம்ப நல்ல ஜனங்க" என்றாள் சித்தி.

"அப்பிடியா? கார்லாம் பெரிசு பெரிசா வச்சினிருப்பாங்களே?"

"கார் வாங்க மாட்டாங்க. குதிர வண்டிதான்."

மாமன் சிரித்தார். சித்தி சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "சும்மானா சொல்றியாமா?"

"நெசமாதான். உழறதும் குதிரதான்."

"அமெரிக்கால?"

"அமெரிக்காலதான். ஊட்டுக்குள்ள கரண்டு இழுக்க மாட்டாங்க. ராத்திரி விளக்கு வெளிச்சத்துலதான் சாப்பாடு. எல்லாரும் ஒண்ணா குந்துவாங்க. அவ்ளோ அழகா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி தடதடவென்று ஆடி நின்றது. மாமன் அண்ணாந்து பார்த்தார்.

"இத்த தாளாமதான்மா அங்க போவணும்னு பாக்கறோம். அங்கயும் இதேவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. சித்தி தங்கியிருந்த அறையில் ஃபிரிட்ஜ், ஹீட்டர், டெலிபோன் எல்லாம் இருப்பது எனக்குத் தெரியும். கடிதத்தில் எழுதியிருந்தாள். இவர்கள் தப்பாக நினைத்துக்கொள்கிறார்களே என்று, கூச்சத்தை விட்டு, "சித்தி ரூம்ல" என்று ஆரம்பித்தேன். சித்தி ஒரு பெரிய வாஃபிள் துண்டை என் வாயில் வைத்து அடைத்தாள். "குழந்தைக்கு ரொம்பப் பசி" என்றாள்.

மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"டிவி?"

"கெடையாது."

"போட்டோ எடுத்து இங்க அனுப்பலாம் இல்ல?"

"போட்டோ எடுத்துக்கறது அவங்களுக்குப் புடிக்காது."

மாப்பிள்ளையின் அம்மா தன் வளையலைத் தொட்டுக்கொண்டார். "நக நட்டாவது போடுவாங்களா?"

"மோதிரம்கூட போடமாட்டாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணே தனக்கு நீலத்துல சாதாரணமா ஒரு டிரஸ் தச்சிக்கும். மேல வெள்ளையா ஒரு துணி. அந்த வெள்ளத் துணிய பத்திரமா எடுத்து வச்சி, செத்தா அதையே போட்டுப் பொதைப்பாங்க."

அந்த அம்மாவின் கையிலிருந்த வாஃபிள் தட்டிலேயே விழுந்தது. பெண் பார்க்கும் வீட்டில் சாவுப் பேச்சா என்று என் அம்மா சித்தியை முறைத்தாள். ஆனால் சித்தி யாரையும் பார்க்கவில்லை. தன்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டவள்போல, எரிந்த களஞ்சியத்தை ஊரே சேர்ந்து கட்டிக்கொடுத்ததைச் சொன்னாள். குதிரைகளின் மூச்சு பனியில் புகையாக வருவதைச் சொன்னாள். சொல்லி முடித்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்:

"உங்களுக்கு அந்த மாதிரி ஊர் புடிக்குமா?"

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். சித்தியின் கை முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை தன் மாமனைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நியூயார்க் பக்கம் ஒண்ணும் வேல கெடைக்காதா?"

சித்தியின் கை முந்தானையை விட்டது.

போகும்போது மாமன் செய்த ஜெபம் இரண்டே வரியில் முடிந்தது. தூர தேசம் அதில் வரவில்லை.

அவர்கள் தெரு திரும்பியதும் அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, உன் ரூம்ல ஃபிரிட்ஜ் கீதுன்னு எழுதினியே?"

"கீதுக்கா."

"அத சொல்லவே இல்லியே நீ?"

"அவங்க என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியேக்கா. ஊரப் பத்திதான் கேட்டாங்க. ஊரப் பத்தி சொன்னேன்."

அம்மா தட்டுகளைக் கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து, அவ்வளவு நேரம் தொடாமல் இருந்த வாஃபிளை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்று முடித்து இன்னொன்றும் எடுத்தாள். அம்மாவுக்கு அவ்வளவு பசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூப்பர் வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கமா. பையனுக்கு சின்ன வயசுலேந்தே குதிரன்னா ஆவாதாம்."

அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய், வாசலில் இல்லாத சைக்கிளைத் தேடினார்.

"எல்லாம் தேவ சித்தம் ஐயா" என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கியது. மூப்பர் போகும்வரை தலை நிமிராமல் நின்றாள். போனதும் விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க நின்றிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் சித்தி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நல்ல மாப்பிள்ளை கைவிட்டுப் போய்விட்டாரே என்றுதான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துப் போய், "அழாதீங்க, வேற நல்ல குதிர... வேற நல்ல மாப்பிள்ள வருவாரு" என்றேன். அதைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு துக்கமா என்று நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து தேம்பினேன்.

அன்று எங்கள் வீட்டில் அழுதது நான் ஒருத்திதான்.