அம்பிட்டியவில் ஒரு பிளாஸ்மா கட்டர்

தியாகராஜாவுக்கு இரும்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், வாய் வலிக்கும் வரை சொல்வார். மாநகர சபையின் நீர் விநியோகப் பிரிவில் வால்வு திறந்து வால்வு மூடியே தலை நரைத்த மனிதர் அவர். கண்டியில் எந்த மேட்டுக்கு எப்போது தண்ணீர் ஏறும், எந்தப் பள்ளத்தில் குழாய் வெடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய மேட்டிலுள்ள வீட்டில் இருக்கும் காலத்தில், இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா கட்டர் வாங்கக் கிளம்பினால் அக்கம்பக்கத்தார் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

சிரிக்கட்டும். அவருக்கு மெஷின் பெரிதல்ல. மகன் துஷாந்த் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

துஷாந்த் தூரத்தில், வத்தளையில் ஓர் இரும்பு வேலைத்தளத்தில் வாசல் கேட்டும் ஜன்னல் கிரிலும் செய்கிறான். கல்யாணமும் அந்தப் பக்கம்தான். மனைவி பிரேமிளா அங்கே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். துஷாந்தின் தாய் புஷ்பம் இறந்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அன்று, வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு, "இங்கயே ஒரு பிளாஸ்மா கட்டர் இருந்திச்சின்னா, ஒருத்தன்கிட்ட கைகட்டி நிக்காம நம்ம தொழில நாமளே பாக்கலாம்" என்றான். செத்த வீட்டில் ஆள் ஆளுக்கு எதையாவது பேசுவார்கள். பேசியவன் அதை அன்றே மறந்திருப்பான். கேட்டவர் மறக்கவில்லை.

மறக்க அவருக்கு வேறு என்ன வேலை இருந்தது? காலையில் ஒரு முறை உலை வைப்பார், அதுவே இரவுக்கும். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவரும் பதிலுக்கு வணக்கம் சொல்வார். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் அதுதான். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். பழகவில்லை. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கண்டி டவுனில் மஹ்ரூப் என்பவர் வெல்டிங் சாமான் கடை வைத்திருக்கிறார். அங்கே போய்க் கேட்டதும் அவர் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்து, வயரை மாட்டி, காற்றைத் திறந்து, சுண்டுவிரல் தடிப்பான தகட்டைச் சாப்பிடுகிற பாணை அறுக்கிற மாதிரி அறுத்துக் காட்டினார். தியாகராஜா வாயைப் பிளந்தார். இது கரண்டிலும் காற்றிலும் வேலை செய்கிற சாமான், தனியாகக் கம்பிரசர் வேண்டும், கண்டிக் காற்றில் ஈரம் அதிகம், அந்த ஈரம் உள்ளே போனால் வெட்டுகிற முனை தீய்ந்துவிடும், ஆகவே நீர் பிடிக்கிற போத்தலும் பூட்ட வேண்டும் என்று மஹ்ரூப் பொறுமையாக விளக்கினார். பிறகு, வீட்டில் வோல்ட்டேஜ் எப்படி என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் தியாகராஜா. ஒரு மின்குமிழும் ஒரு டீவியும் எரிகிற வீட்டில் வோல்ட்டேஜைப் பற்றி யார் யோசித்தார்கள்?

"யாருக்கு ஐயா இது?"

"மகனுக்கு. இனி இங்கதான் இருக்கப் போறான்."

சொன்ன பிறகு அது அரைவாசி நடந்துவிட்டது போல அவருக்கு இருந்தது.

அடுத்த சில வாரங்கள் மனிதர் ஆளே மாறிவிட்டார். கொட்டிலுக்குள் கிடந்த பழைய குழாய்களையும் கோழிக் கூட்டையும் அப்புறப்படுத்தினார். தரைக்குத் தானே கொங்கிரீட் போட்டார். வயர்காரரைப் பிடித்து மெயின் சுவிட்சிலிருந்து தனி லைன் இழுப்பித்தார். மெஷினும் கம்பிரசரும் த்ரீவீலில் வந்து இறங்கின. பெட்டியைப் பிரிக்கவில்லை, பிரிக்க வேண்டியவன் வரட்டும் என்று விட்டுவிட்டார். பிறகுதான் மகனுக்குப் போன் எடுத்தார்.

"எதுக்குப்பா இப்ப?" என்றான் துஷாந்த். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

ஞாயிறு பகல் வந்தான். வந்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பெட்டியைப் பிரித்தான். வேலை தெரிந்தவன் கை வேறுதான். கம்பிரசரை மூலையில் நிறுத்தி, நீர் பிடிக்கிற போத்தலைச் சுவரில் பூட்டி, காற்றுக் குழாயின் புரியில் வெள்ளை நாடாவைச் சுற்றி இறுக்கினான். எர்த் கிளிப்பை மேசையில் கவ்வ வைத்தான். பிளக்கைப் பொருத்தும் முன் வோல்ட் மீற்றரை வைத்துப் பார்த்து, "கரண்ட் நல்லா இருக்குப்பா" என்றான். தியாகராஜா ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். புஷ்பம் போனதற்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் கிடையாது. வேலைக்கிடையே துஷாந்த், வத்தளைப் பக்கம் வீடு கட்ட ஒரு காணித்துண்டு பார்த்திருக்கிறோம், பிரேமிளாவுக்குப் பிடித்திருக்கிறது என்று தொடங்கி, தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். தியாகராஜா சுத்தமாக இருந்த ஸ்பானரை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டி முடிய நாலரை ஆகிவிட்டது. ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கலாம் என்று துஷாந்த் மெஷினின் வெட்டு முனையான டோர்ச்சைக் கையில் எடுத்தான்.

"இப்ப வேணாம் தம்பி. ராகு காலம். ஆறு மணி கழியட்டும், குரு ஓரை வருது. கோயில் ஐயர்கிட்ட கேட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். புது மெஷினை, அதுவும் மகனின் வாழ்க்கையையே திருப்பப் போகிற மெஷினை, அந்த நேரத்தில் போடுவதா? துஷாந்த் தர்க்கம் பண்ணவில்லை. டோர்ச்சை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தான், போனைப் பார்த்தான், இரண்டு தடவை பஸ் நேரம் விசாரித்தான்.

ஆறு கழிந்ததும் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். துஷாந்த் சுவிட்சைப் போட்டான். கம்பிரசர் உறுமியது, ஆனால் உடனே சுற்றவில்லை. முக்கி முனகித்தான் ஒருவழியாகக் காற்று ஏறியது. டோர்ச்சைத் தகட்டில் வைத்து அழுத்தியதும் நீலமாக ஒரு பொறி வந்தது. வந்த வேகத்திலேயே செத்தது. மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அப்படியே. கொட்டிலின் மின்குமிழ் மங்கிச் சிவந்து கிடந்தது.

"வோல்ட் பத்தல. லைன் கடைசியில இருக்கோம்ப்பா. இங்க வச்சி இதுல தொழில் பண்ண ஏலாது."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்தது ஏமாற்றம் என்றுதான் தியாகராஜா நினைத்தார். தன் தலையெழுத்தை நொந்துகொண்டார். கடைக்காரர் எடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான் துஷாந்த். சட்டையை மாட்டினான். தகப்பன் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டான். படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்து, குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுங்கள் என்றான்.

மறுநாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போய் மேடு முழுக்க அடங்கிய பிறகு, தியாகராஜா முகம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அவர் கை அப்படியே நின்றது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது, காலையில் ஏறும். ஆயுசு முழுக்க ஊருக்கு இதைச் சொன்ன மனிதருக்கு, கரண்டும் அப்படித்தான் என்பது உறைக்கவில்லையே! ஆறு மணிக்கு எத்தனை ரைஸ் குக்கர், எத்தனை கேத்தல், எத்தனை அயன் பெட்டி! குரு ஓரை பார்த்த புத்தி அதைப் பார்க்கவில்லை.

ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினார். சுவிட்சைப் போட்டதும் கம்பிரசர் கடகடவென்று சுற்றியது. துஷாந்த் விட்டுப் போயிருந்த கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மகன் பிடித்த மாதிரியே டோர்ச்சைப் பிடித்து, பயந்து பயந்து அழுத்தினார். நீலப் பொறி அணையவில்லை. தகட்டின் அடியால் நெருப்பு கொட்டியது. வெட்டு ஆறு மாதிரி வளைந்து போனது, ஆனாலும் தகடு இரண்டாகி ஒரு பாதி தொப்பென்று தரையில் விழுந்தது.

தியாகராஜா தனியாக நின்று சிரித்தார். போனை எடுத்தார். மகனின் பெயரைத் தொடப் போனவர், தொடவில்லை.

நேற்று நாலு மணிக்கு மீற்றர் வைத்துப் பார்த்தவன் அவன்தானே. கரண்ட் நன்றாக இருக்கிறது என்று சொன்னவனும் அவனே. நாளெல்லாம் இந்த மெஷினோடு கிடக்கிறவனுக்கு, சாயங்காலம் இறங்குகிற வோல்ட் காலையில் ஏறும் என்பது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏலாது என்று சொன்னான். வர விருப்பமில்லை என்று தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேற்று அவன் குரலில் இருந்தது ஏமாற்றம் அல்ல, விடுதலை. தியாகராஜா தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. பாவம், பிள்ளை எப்படித் தவித்திருப்பான் என்றுதான் தோன்றியது.

கையிலிருந்த போன் தானாகவே அடித்தது. துஷாந்த்தான்.

"அப்பா, காலையில மெஷின போட்டுப் பாத்தீங்களா?"

கேட்ட விதத்திலேயே அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தரையில் கிடந்த தகட்டின் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"போட்டேன் தம்பி. அதே மஞ்ச லைட்டுதான் எரியிது. நீ சொன்னது சரி, இங்க சரிவராது."

"நான் சொன்னேன்தானே அப்பா." ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு அவன் கலகலப்பாகப் பேசத் தொடங்கினான். காணித்துண்டைப் பற்றிச் சொன்னான். இப்போது முழுதாகவே சொன்னான். பக்கத்திலேயே ஒரு கோயில் இருக்கிறதாம். தியாகராஜா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். சாப்பிட்டீர்களா என்று அவன் கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்றார்.

போனை வைத்த பிறகு மெயின் சுவிட்சை இறக்கினார். தகடு ஆறும் வரை காத்திருந்தார். பிறகு இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய், துஷாந்த் எப்போதாவது வந்தால் கண்ணில் படாதபடி, கொட்டிலுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்தார்.