கெட்ட சேதி என் போனுக்கு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் திருச்செங்கோட்டிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் வண்டி அனுப்பி, அங்கே தண்ணீர் எடுத்துக் காட்டியவன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும்போது பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட என்னைப்போல் ஏற்பாடு செய்ய மாட்டார்கள். மூன்று மாத வேலைதான். இருந்தாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை, கொசுவலை, பருப்புப் பொடி எல்லாம் நானே நின்று கட்டிக் கொடுப்பேன். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பத்தையும் ஆபீசுக்கு அழைத்துக் கறிச்சோறு போடுவேன். கை கழுவி வந்ததும் என் சட்டத்தைச் சொல்வேன்.

"ஊட்ல என்ன ஆனாலும் அவனுக்குப் போன் போடக்கூடாது. எனக்குப் போடுங்க. எப்பச் சொல்லோணும்னு எனக்குத் தெரியும்."

சும்மா போட்ட சட்டமல்ல. நானே போர்வெல் மெஷினில் நின்றவன். ஒருமுறை வடக்கே வேலை செய்தபோது, குழந்தைக்குச் சுகமில்லை என்று சேதி வந்த கையோடு துளை போடும் இரும்பு ராடைக் கழற்றப் போனவனின் விரல்கள் என் கண்ணெதிரே நசுங்கின.

என்னிடம் இருந்த டிரில்லர்களில் கெட்டிக்காரன் ஒருவன் உண்டு. சங்ககிரிப் பக்கம். அப்பன் இல்லை, கல்யாணம் ஆகவில்லை, ஆத்தா மட்டும்தான். அவன் கிளம்பும் முன் கறிச்சோறு போட்ட ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா கேட்டது:

"ஏனுங்க சாமி, எனக்கே ஒண்ணு ஆச்சுன்னா?"

"உனக்கென்ன ஆத்தா? என்னைய எடுத்துப் போட்டுட்டுத்தான் நீ போவே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மாவும்தான்.

அவன் போய்ப் பாதி வேலைகூட முடியவில்லை. ஒருநாள் காலையில் அவன் சித்தப்பா மகள் போன் செய்தாள். மாட்டுக் கொட்டாயில் விழுந்த பெரியம்மா கண் திறக்கவில்லையாம். நான்தான் டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணங்கிட்டச் சொல்லட்டுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இரு அம்முணி. போர் பாதியில நிக்குது. அவன் மெஷினை உட்டு எறங்கட்டும்."

நான் சொன்னபடியே அவளும் அவனுக்குச் சொல்லாமல் இருந்தாள். மறுநாள் ராத்திரி அந்தம்மா போய்விட்டது. விடிந்ததும், அவனை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று அங்கிருக்கும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எவனோ ஒரு சொந்தக்காரன் மாலை போட்ட படத்தை வாட்சப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். மெஷின் பக்கத்தில் நின்றபடியே அவன் பார்த்திருக்கிறான்.

சூப்பர்வைசர் பிற்பாடு சொன்னார். அவன் கம்ப்ரசரை நிறுத்தினானாம். ஹெல்பர்களைத் தள்ளி நிற்கச் சொன்னானாம். ராடைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறான்.

"எப்ப உளுந்தாங்க?"

"முந்தாநேத்துக் காலையில."

"அப்பவே சொல்லியிருந்தா மூச்சோட பாத்திருப்பேனுங்க."

"உன்ற கைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான்..."

"கை நல்லாத்தானுங்க இருக்குது."

போனை வைத்துவிட்டான். காட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஜீப், அடுத்த பிளைட்டில் டிக்கெட், கோயம்புத்தூரில் கார், இங்கே ஐஸ் பெட்டி, பந்தல், எல்லாம் நான் பார்த்தேன். முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே பேசியது. அவன் வந்து பெட்டியின் கண்ணாடியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். குளிரில் அது மறுபடி மறுபடி மங்கியது. கொள்ளி வைத்துவிட்டு வந்து என்னைக் கும்பிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டம் தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். நசுங்கிய விரல்களைப் பார்த்தவன் நான். ஆனால் அடுத்த குழு கிளம்பியபோது, கறிச்சோற்றுக்கு இலை போடும் முன்பே, அவரவர் குடும்பத்தை வைத்துக்கொண்டே ஒவ்வொருவனையும் கேட்டேன்.

"இங்க ஒண்ணுன்னா உடனே சொல்லோணுமா, வேலை முடிஞ்சு சொல்லோணுமா?"

ஒருவன் பெண்டாட்டியைப் பார்த்தான். ஒருவன் அப்பனைப் பார்த்தான். பார்க்கப்பட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குழுவில் அவனும் இருந்தான். தனியாக வந்திருந்தான். அவன் முறை வந்தபோது தாண்டிப் போகப் பார்த்தேன்.

"என்னையக் கேக்கலீங்களே?" என்றான்.

நான் நின்றேன்.

"எனக்கு இனி எப்பச் சொன்னாலும் ஒண்ணுதானுங்க. எலையப் போடச் சொல்லுங்க, எல்லாரும் பசியில இருக்கறாங்க."

இலை போட்டார்கள். அன்றைக்குக் கறி நிறைய மீந்தது.