மூன்று பொடியன்களுக்கு ஒரு பந்துவீச்சாளர்

என் அப்பா யோகலிங்கம் சென்ற தை மாதம் இறந்தபோது, அவருடைய விளையாட்டுக் கழகம் வெளியிட்ட அஞ்சலிப் பிரசுரத்தில் ‘தீர்க்கதரிசி’ என்று அச்சடித்திருந்தார்கள். அதே கழகம் அதற்கு முந்திய ஆவணியில் அவரை ‘ஊரை வித்தவர்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. மனிதர் கடுமையாக உழைக்கிறார்.

அப்பா கிழமை நாட்களில் பிளேஸ்டோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஷிப்ட் சுப்பர்வைசர். சனி ஞாயிறுகளில் ஸ்ராட்ஃபோர்ட் மைதானத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்டு வாசல் காத்தார். மிச்ச நேரத்தில் ஊர்க் கழகத்தின் கிரிக்கெட் செயலாளர். அதிலும் மிஞ்சியதைக் குடும்பத்துக்குத் தந்தார். பெரும்பாலும் நித்திரையில்.

ஊர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு மாத வேலை கிடைத்துவிடும். ஒன்று அப்பாவின் ஊர், மற்றது அம்மாவின் ஊர். யாழ்ப்பாணத்தில் இரண்டையும் ஒரு ரோட்டுத்தான் பிரிக்கிறது. லண்டனில் அந்த ரோட்டும் இல்லை. ஆனாலும் இரண்டு கழகங்கள், இரண்டு கொடிகள், கோடையில் கவுன்சில் மைதானங்களில் ஒரு கிண்ணத்துக்காக இரண்டு பகைகள்.

போட்டியில் ஒரு விதி உண்டு. ஓர் ஊருக்கு விளையாடுபவர் அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும். தகப்பன் வழியாகவோ, தாய் வழியாகவோ, கலியாணம் கட்டிய வழியாகவோ இருக்கலாம். சித்திரை மாதத்தில் எந்த ஊர் என்று பெயர் கொடுத்துவிட்டால் அந்த வருடம் முழுக்க அதுதான் ஊர். பந்துவீசத் தெரிந்திருக்கவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. எங்கள் அணியைப் பார்த்தால் அது புரியும்.

அப்பாவின் காலத்தில் நாங்கள் ஒரு தடவையும் கிண்ணம் எடுத்ததில்லை. அவர் கவலைப்படாமல் பதினைந்து வயதுப் பொடியன்களைப் பிடித்துப் பழக்கினார். “இன்னும் மூண்டு வருசத்தில பார்” என்பார். ஒவ்வொரு வருடமும் மூன்று வருடம்தான் மிச்சம் இருந்தது.

பிறகு அமெரிக்கர்கள் வந்து ஸ்ராட்ஃபோர்டில் பேஸ்போல் விளையாடினார்கள். அப்பா வாசலில் நின்றார். ஆட்டம் அவருக்கு விளங்கவில்லை. “அடிச்சிட்டுத் துடுப்பை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள்” என்று வீட்டில் முறையிட்டார். ஆனால் அங்கே வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இடைவேளையில் அவருக்கு ஒன்றை விளக்கியிருக்கிறார். உடனே வெல்லவேண்டிய கழகம், இன்னும் பழுக்காத இளம் ஆட்டக்காரர்கள் மூன்று நான்கு பேரைக் கொடுத்து, பெயர்போன பந்துவீச்சாளர் ஒருவரை வாங்குமாம். இளசுகளைக் கொடுக்கிற கழகத்துக்கு இன்றைக்கு வெற்றி, அவர்களை வாங்குகிற கழகத்துக்கு நாளைக்கு. அப்பா அதைப் பகவத்கீதையைப்போல மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாசியில் இருதய வைத்தியர் அவருக்கு இன்னொன்றை விளக்கினார். பம்ப் பலவீனம், திருத்த ஏலாது, மருந்தால் கொஞ்சம் இழுக்கலாம். அப்பா அதை மீன்குழம்புக்கும் சொதிக்கும் நடுவில் எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “மூண்டு வருசம் எண்டுற கதை இனிச் சரிவராது” என்றார். அவர் பேசியது கிரிக்கெட்டைப் பற்றி. அம்மா எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

கார் ஓட்டக்கூடாது என்று வைத்தியர் தடுத்திருந்ததால், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். மாமா விஜயரத்தினம் அம்மாவின் தமையன். மற்றக் கழகத்தின் செயலாளரும் அவர்தான். அவருடைய அணியில்தான் லதீசன் இருந்தான். முப்பத்தாறு வயது, பந்து கையை விட்டால் எதிரே நிற்பவர் கடவுளை நினைப்பார்.

“லதீசன் வேணுமோ?” என்றார் மாமா. “ஏன் மச்சான், என்ர கண்ணையும் கேளன்.”

“அவன்ர மனுசி சிவரூபினி எங்கட ஊர். விதிப்படி அவன் எங்கட மாப்பிள்ளை.”

“விதிப்படி சரி. நான் விட்டால்தானே.”

“என்ன வேணும், சொல்லு.”

மாமா ரீயை ஆற்றினார். “சுஜீத். பிறகு, கௌசியின்ர பொடியன். ரெண்டு பேருக்கும் தாய் எங்கட ஊர்.”

“எடு.”

“யதுசன்.”

யதுசன் என் தம்பி. அப்போது பதினெட்டு. நடக்கப் பழகியதே கழகத்தின் பந்துப் பையைப் பிடித்துக்கொண்டுதான். அப்பா சுவரில் மாட்டியிருந்த கலண்டரைப் பார்த்தார்.

“அவனுக்கும் தாய் எங்கட ஊர்தானே” என்றார் மாமா. “என்ர தங்கச்சி.”

“உன்ர தங்கச்சி எண்டு எனக்குத் தெரியும். நான்தானே கட்டினனான்.”

“அப்ப என்ன யோசினை? ஆளை நான் என்ர வீட்டிலயோ வைச்சிருக்கப்போறன்? உன்ர சோத்தைத் திண்டு உன்ர கட்டில்லதான் படுப்பான்.”

அப்பா தலையாட்டினார். பையன் வீட்டில் இருக்கிறான், பெயர் மட்டும் ரோட்டைக் கடக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள். ஊர் என்ற சொல்லுக்காக ஒரு காலத்தில் பந்தலைப் பிரித்துச் சண்டை போட்ட இரண்டு மனிதர்கள், ஒரு பொடியனுக்கு அது பெரிய விஷயம் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவின் ஊர்க் கழகம் அவனுடைய பள்ளிக்கூடப் படத்தைப் போட்டு ‘வருக வருக’ என்று அனுப்பியபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஃபோனை அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

“அமெரிக்காவில கேக்கிறேல்லையாம்” என்றார் அப்பா.

“அவங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள், அப்பா.”

அதற்குப் பிறகு அவன் அப்பாவோடு கதைக்கவில்லை. அப்பாவும் அவனோடு கதைக்கவில்லை. ‘சோறு இருக்கெண்டு சொல்லு’, ‘மருந்து போட்டவரோ எண்டு கேளுங்கோ’ என்று எல்லாச் செய்திகளும் அம்மா ஊடாகவும் என் ஊடாகவும் போய்வந்தன. நான் ரயில்வே சிக்னல் பொறியியலாளர். இரண்டு முனைகளுக்கு நடுவில் தகவல் கடத்துவது எனக்குத் தொழில். வீட்டில் சம்பளம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த மாற்றத்தால் மகிழ்ந்தவர் அம்மா மட்டும்தான். “கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உங்கட ஊருக்கு ரோல்ஸ் பொரிச்சனான்” என்றாள். “இனி என்ர ஊருக்குப் பொரிக்கிறன்.” அப்பாவின் கழகம் அந்த வருடம் கடையில் வாங்கித் தின்றது.

லதீசன் வந்தான். அவன் நல்ல பந்துவீச்சாளர் என்பதை எல்லோரும் கணக்கில் எடுத்திருந்தார்கள். அவன் மாப்பிள்ளை என்பதை யாரும் எடுக்கவில்லை. அணித்தலைவர் ஜீவரத்தினம் சிவரூபினியின் தம்பி. அணியில் மிச்சப்பேர் அவளுடைய சித்தப்பாமாரும் மச்சான்மாரும். சொந்த ஊரில் லதீசனை ‘டேய், ஓடிப் பிடி’ என்று கத்துவார்கள். எங்கள் ஊரில் அவனுக்கு மெத்தை போட்ட கதிரை வந்தது. கடையில் வாங்கிய ரோல்ஸும் முதலில் அவனுக்கு. எல்லைக்கோட்டில் நிறுத்தினால் மாப்பிள்ளை ஓடவேண்டி வரும் என்று விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அங்கே அவன் மூன்று பிடிகளை விட்டான். “வெய்யில் கண்ணில பட்டிருக்கும் அத்தான்” என்றான் ஜீவரத்தினம். அன்றைக்கு மழை தூறியது.

ஓவரை முடித்துக்கொள்ளச் சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. “விரும்பினாப் போடுங்கோ அத்தான், களைப்பெண்டா விடுங்கோ.” அவன் எப்போதும் விரும்பினான். ஆனாலும் விக்கெட்டுகள் விழுந்தன. நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போனோம். எதிரணி எது என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு கழகமும் ஓர் அம்பயரைத் தரவேண்டும். எங்கள் பக்கம் அப்பா. மாமா மறுப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம், சொல்லவில்லை. யோகலிங்கம் தன் கழகத்தின் பக்கம் சாய்வார் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். மகனின் பக்கம் சாய்வார் என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டு ஊரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்ட ஒரே அம்பயர் அப்பாதான்.

கடைசி ஓவர். அம்மாவின் ஊருக்கு ஒரு நான்கு அடித்தால் வெற்றி. கையில் ஒரு விக்கெட். துடுப்போடு யதுசன். ஜீவரத்தினம் பந்தை வேறொருவருக்குக் கொடுக்க நினைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே மாப்பிள்ளையின் கையில் இருந்தது. பந்து வீசும் முனையில் அப்பா நின்றார். வெள்ளைக் கோட் அவருக்கு அந்த ஆவணியில் இரண்டு அளவு பெரிதாகிவிட்டது.

லதீசன் ஓடிவந்து போட்டான். பந்து துடுப்புக்கு மிகப் பக்கத்தால் போய் விக்கெட் காப்பாளரின் கையில் விழுந்தது. பதினொரு பேரும் கத்தினார்கள். லதீசன் திரும்பி அப்பாவின் முன்னால் முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் நீட்டினான்.

விரலைத் தூக்கினால் அப்பா கேட்ட கிண்ணம். அதற்கு இனி அவருக்கு வேறு வருடம் இல்லை.

“நொட் அவுட்” என்றார் அப்பா.

“யோகலிங்கண்ணை, பட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது” என்றான் ஜீவரத்தினம்.

“எனக்குக் கேக்கேல்லை. போய் நில்லு.”

யதுசன் அப்பாவைப் பார்த்தான். பிறகு துடுப்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்தான். தண்ணி குடிக்கப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் போட்டிகளில் அதுவரை ஒருவரும் தானாக வெளியேறியதில்லை. மூன்று ஸ்டம்பும் விழுந்த பிறகு காற்று என்று வாதாடியவர்கள் உண்டு.

“யதுசன், வா” என்று அப்பா கூப்பிட்டார். “நான் நொட் அவுட் எண்டு சொன்னனான்.” சித்திரைக்குப் பிறகு அவனோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவன் திரும்பவில்லை. கையுறைகளைக் கழற்றிக்கொண்டே போனான்.

இப்படியாக எங்கள் ஊர் கிண்ணம் எடுத்தது. வென்ற கழகம் அங்கேயே கூடி, மகனுக்காக ஊரை விற்ற அம்பயரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. வென்ற மகிழ்ச்சியில் தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. கிண்ணத்தை ஒரு நாளைக்கு வீட்டில் வைத்திருக்க அவரை அனுமதித்தார்கள். பெருந்தன்மைதான்.

காரை நான் ஓட்டினேன். அப்பா முன்னால், மடியில் கிண்ணம். பின்னால் அம்மாவும் தம்பியும். பெரிய ரோட்டுக்கு வந்ததும் அப்பா திரும்பாமலே கேட்டார்.

“ஏன் போனனீ?”

“பட்டது.”

“பட்டாலும் அம்பயர் நொட் அவுட் எண்டா நிக்கோணும். நான் உனக்குப் படிப்பிச்சது அதுதானே.”

“நீங்க பந்தைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.”

அப்பா கிண்ணத்தின் மூடியைத் திறந்து மூடினார். “உன்ர முன்கால் தள்ளி நிண்டது. அதைப் பாத்தனான்.”

“முன்கால் சரியாத்தான் இருந்தது.”

“சரியோ? அரை அடி வெளியில.”

“கண்ணாடி போட்டனீங்களோ?”

வீடு வரும்வரை முன்கால். வீட்டுக்குள் முன்கால். அம்மா சமையலறையிலிருந்து, “ரெண்டு பேரும் சத்தத்தைக் குறையுங்கோ” என்றாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை.

யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. ஆராய்ந்தேன். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போகிறது. துடுப்பருகே அது இருந்த கணம் பதிவாகவே இல்லை. ஒலியில் கொத்துரொட்டிக் கடையின் தகரச் சத்தம் மட்டும். தரவு போதாது.

மார்கழியில் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி தினமும் போனான். வார்ட்டில் ஒரு குடையைத் துடுப்பாகப் பிடித்து முன்காலை வைத்துக் காட்டுவான். அப்பா கட்டிலில் கிடந்தபடி, “இன்னும் உள்ளுக்கு, இன்னும்” என்பார். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரர் தன் கருத்தையும் சொல்லத் தொடங்கினார். ஒரு பின்னேரம் அப்பா கேட்டார்.

“உண்மையாப் பட்டதோ?”

“பட்டது.”

“பொய். பட்டா நீ உடனே கீப்பரைத் திரும்பிப் பாப்பாய். சின்னனிலயிருந்து உன்ர பழக்கம் அது. அண்டைக்கு நீ பாக்கேல்லை.”

“அப்ப என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு ஒத்துக்கொள்ளுறீங்கள்.”

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தாதி வந்து தம்பியை வெளியே அனுப்பினாள். பொங்கலுக்கு அடுத்த கிழமை அவர் போய்விட்டார்.

தகனம் முடிந்து கார்கள் நிற்கும் இடத்தில் நின்றோம். இரண்டு கழகங்களும் கொடிகளோடு வந்திருந்தன. யாருடைய கொடி முதலில் போர்த்தப்படவேண்டும் என்ற வாக்குவாதம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மாமா தம்பியின் தோளில் கைபோட்டார்.

“இனியாவது உண்மையைச் சொல்லடா. அண்டைக்குப் பட்டதோ? எங்கட கிண்ணமல்லோ அது.”

“அம்பயர் நொட் அவுட் எண்டவர், மாமா.”

“அப்ப ஏன் போனனீ?”

தம்பி தகன மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மா வந்து, “அண்ணை, பொடியனை விடுங்கோ” என்றாள்.

மாமா எங்கள் காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு கதவைத் தம்பிக்காகத் திறந்து பிடித்தார்.