காலையிலேயே எழுதிவிட்ட செய்தி

பல்கலைக்கழகத்தில் சமூகப் பணித் துறையின் செய்திகளை எழுதுகிறவள் நான். எங்கள் மாணவர்கள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குச் சாயம் அடித்தாலும், அது மலாயில் ஒன்று, தமிழில் ஒன்று என்று என் கையால்தான் துறையின் இணையப் பக்கத்தில் ஏறும். எல்லாம் ஒரே அச்சு. "நிகழ்ச்சி வெற்றிகரமாக நடந்தேறியது" என்ற கடைசி வரியை நான் தட்டச்சு செய்து வருடக்கணக்காகிறது. போன செய்தியிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி வெட்கம் பார்த்து என்ன ஆகப் போகிறது. நிகழ்ச்சி பத்து மணிக்கு என்றால் செய்தியை எட்டரைக்கே ஏற்றிவிடுவேன். மேலிடத்துக்கு எல்லாம் சுடச்சுட வேண்டும். யார் பேசுவார், யார் ரிப்பன் வெட்டுவார், தட்டில் எத்தனை கறிபாப் இருக்கும் என்பதுவரை முன்னாலேயே தெரிந்த கதைதானே.

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் செய்தியையும் அப்படித்தான் எழுதினேன். அங்கே தொழிலாளர் லயத்து வீடொன்றில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பிறந்ததிலிருந்து நடக்க முடியாது, கையும் சொன்னபடி கேட்காது. அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் மரத்தடியில் விழுந்த உதிரிப்பழம் பொறுக்குகிறவர். ரெம்பாவில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் உண்டு. அலைந்து திரிந்து அங்கே மகளுக்கு இடம் வாங்கிவிட்டார். போய்வரத்தான் வண்டி இல்லை. மாதக் கடைசிக்குள் வரவில்லையென்றால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். செவ்வாயும் வியாழனும் எங்கள் துறை வேன் அவளை அழைத்துப் போகும் என்பதுதான் திட்டம்.

"வேன் புறப்பட்டபோது அவர் ஜன்னல் வழியாகக் கையசைத்து விடைபெற்றார்" என்று நான் எழுதினேன். நேரில் பார்த்தவள் மாதிரி. எனக்கே ரொம்பப் பிடித்துப்போன வரி அது.

வேன் போகவேயில்லை. அன்று காலை விமான நிலையத்திலிருந்து யாரோ பெரிய விருந்தாளியை அழைத்துவரப் போய்விட்டது. மாணவர்கள் பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, கறிபாப் சாப்பிட்டுத் திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் டிரைவர் இல்லை, இன்சூரன்ஸ் கடிதத்தில் கையெழுத்தாகவில்லை, பார்க்கலாம், பார்க்கலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்த படத்தைச் செய்திக்குக் கீழே ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு நாள் வேலையையும் விட்டுவிட்டு, பஸ் மாறி வந்திருக்கிறார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, உட்காருங்க அக்கா, மைலோ குடிக்கிறீங்களா என்று நான் பெரிய மனுஷி மாதிரி உபசரித்தேன். அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான் எழுதிய செய்தி. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் பெடாஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். படிங்க என்றார். படித்தேன். ஜன்னல் வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம் மகளுக்குக் கை தூக்க வராது, மிஸ். வேனும் வரல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தப்பு நடந்துபோச்சு அக்கா, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று மவுசைப் பிடித்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவருடைய அப்பா ரப்பர் தோட்டக் காலத்து ஆள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, கணக்கெழுதும் கிராணி ஒருவனை வரவில்லை என்று எழுதிவிட்டால், அவன் எதிரிலேயே நின்றாலும் வரவில்லைதான். அதை மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது என்று நிதானமாகச் சொன்னார்.

"நா சண்டைக்கு வரல. கிராணி எழுதுனா எழுதுனதுதான் லா. நீங்க வேன் போச்சுன்னு எழுதிட்டீங்க. அப்ப போவணும்."

துறைத் தலைவியிடம் அழைத்துப் போனேன். அவர் தாளைப் படித்தார், சிவந்தார், உடனே அந்தச் செய்தியை எடு என்று என்னிடம் மலாயில் சொன்னார். அந்த அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் தலைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒப்பந்த வேலை. வருட முடிவில் அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுவது அதே தலைவிதான். ஆனால் நானும் லயத்தில் பிறந்தவள். வேர்க்க விறுவிறுக்க ஓடியும் வரவில்லை என்று எழுதப்பட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். இப்போது பேனா என் கையில் இருந்தது, நானும் பார்க்காமலேதான் எழுதியிருந்தேன். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"எடுத்துடறேன். ஆனா ஏன் எடுத்தோம்னு இன்னொரு செய்தி போடணும். அதையும் நான்தான் எழுதுவேன்."

இதை மலாயில் சொன்னேன், எல்லோருக்கும் புரியட்டும் என்று. தலைவி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு போனை எடுத்தார். இனிமேல் செவ்வாய், வியாழன்களில் விருந்தாளிகள் வாடகைக் காரில் வரட்டும் என்றார். அத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் கடிதத்தில் அன்று மத்தியானமே கையெழுத்தாகிவிட்டது. செய்தியை எடுக்கிற பேச்சும், அதற்கு விளக்கம் போடுகிற பேச்சும் அதோடு நின்றுபோயின.

செவ்வாய்க்கிழமை நானும் வேனில் போனேன். அத்தனை செய்தி எழுதியிருக்கிறேனே, அந்த லயத்தில் கால் வைத்தது அன்றுதான். பேனர் இல்லை, ரிப்பன் இல்லை. இரண்டு மாணவிகள் அவளை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். அவளுக்குத் தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்த அம்மாவும் கூடவே ஏறிக்கொண்டார். லயமே வாசலுக்கு வந்து நின்றது. வேன் புறப்பட்டது. அவள் கை மடியிலேயே கிடந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறி, வேன் வேகமெடுத்ததும் வீலென்று ஒரு சத்தம். டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டார்.

"சந்தோஷம் மிஸ், வேற ஒண்ணும் இல்ல," என்று அம்மா சிரித்தார். "ஓட்டச் சொல்லுங்க."

ஓட்டினார். அவள் மறுபடி கத்தினாள். மாணவிகளும் சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன், எனக்கு என்ன வந்ததோ.

சாயங்காலம் அந்தச் செய்தியைத் திறந்தேன். தேதியை மாற்றினேன். கையசைத்த வரியை அழித்துவிட்டு, "ரெம்பாவ் போய்ச் சேரும்வரை அவர் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்" என்று எழுதினேன். கடைசி வரியையும் அழித்தேன். அழித்துவிட்டு, "நிகழ்ச்சி வெற்றிகரமாக நடந்தேறியது" என்று ஒவ்வோர் எழுத்தாக என் கையாலேயே தட்டினேன்.