அறுபது கிலோமீட்டர், முப்பது மணி நேரம்

எல்லையோரத்து உஜ்தா நகரத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையில் மைமூனாவுக்கு இருபது வருஷ வேலை. எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டாலும் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லுவாள். அவள் பிறந்த திலெம்சென் எல்லைக்கு அந்தப் பக்கம், அல்ஜீரியாவில். இரண்டு ஊர்களுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டு ரோட்டை மூடின, அது போதாதென்று வானத்தையும் மூடின. நல்லா இருக்கட்டும் மகராசர்கள்! காஸாபிளாங்கா போய், கடலைச் சுற்றி துனிஸ் போய், அங்கிருந்து ஒரான் போய், அதற்குப் பிறகு பஸ். காத்துக்கிடப்பதையும் சேர்த்தால் முப்பது மணி நேரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திலெம்சென்னிலிருந்து தம்பி லக்தார் கூப்பிட்டான்.

"அக்கா, யெம்மாவுக்கு மூச்சு இழுக்குது. சாயங்காலம் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ எப்ப வருவ?"

மைமூனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். "நாளைக்கு... நாளைக்கு மத்தியானம்டா."

"அதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிரும்க்கா. பேசாம பின் லஜ்ராஃபுக்கு வா. நான் யெம்மாவ கார்ல கூட்டிட்டு வர்றேன்."

"சாகக் கிடக்குறவளப் போட்டு ரோட்டுல அலைக்கழிப்பியாடா, பாவி?"

"அவதான் கேக்குறா. உன் மூஞ்சியப் பாக்காம கண்ண மூட மாட்டாளாம்."

பின் லஜ்ராஃபில் இரண்டு நாட்டு ரோடுகளும் எதிரெதிரே ஓடும். நடுவில் பள்ளம், ஒல்லியாக ஓர் ஆறு, வேலி. பிரிந்து கிடக்கும் சொந்தங்கள் இரு கரையிலும் நின்று கையாட்டி, தொண்டை கிழியக் கத்தி, நலம் விசாரித்துக்கொள்ளும் இடம் அது.

டாக்சியில் போகும்போதும் அவளுக்கு அதே நினைப்புதான். நடுவழியில் யெம்மா போய்விட்டால்? குலுக்கலிலேயே மூச்சு நின்றுவிட்டால்? அந்தப் பாவம் யாருக்கு? "வேகமாப் போங்கண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன்" என்று டிரைவரை அரித்தெடுத்தாள்.

ஒரு மணி நேரம் காத்திருந்தபின் எதிர்க்கரையில் லக்தாரின் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. யெம்மா அவன் தோளில் சாய்ந்திருந்தாள், தலையில் வெள்ளைத் துணி. முகம் சரியாகத் தெரியவில்லை.

"யெம்மா! நான் மைமூனா! என்னப் பாரு!"

அசைவில்லை. இன்னொரு முறை கத்தினாள். லக்தார் குனிந்து காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. பிறகு யெம்மாவின் கை மெல்ல மேலே எழுந்து இரண்டு தடவை ஆடியது. அவளுடைய முழங்கையின் கீழே தம்பியின் கை இருந்தது.

மைமூனா இரு கைகளையும் வீசி வீசி அழுதாள். கதவு மூடி, கார் திரும்பியது.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் லக்தார் போனில் பேசினான். ரொம்ப நேரம் இருவரும் அழுதார்கள்.

"எத்தன மணிக்குடா போனா?"

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான். யெம்மாவின் முழங்கையின் கீழே இருந்த அவன் கை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, அது வந்து..."

"வேண்டாம்டா தம்பி. சொல்லாத" என்று போனை வைத்துவிட்டாள்.