சூடேறாத அயர்ன் பாக்ஸ்

இன்று காலை திடீரெனக் கரண்ட் போனதும் குளியலறையிலிருந்து கணவர் கேட்டார்: "அயர்ன் போட்டியா?"

தொண்ணூறுகளில் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு ஓனரும் தினமும் இதையேதான் கேட்பார். கீழே அவர், மாடியில் நாங்கள், இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். அவர் புதிதாகக் கெய்சர் மாட்டியதிலிருந்து காலைதோறும் ஃபியூஸ் போகும். கருகிய வாடை மாடிவரை வரும். பழி அம்மாவின் அயர்ன் பாக்ஸுக்கு.

பள்ளியில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். ஃபியூஸ் கம்பி ஐந்து ஆம்பியர்; இருநூற்று முப்பது வோல்ட்டால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். அயர்ன் பாக்ஸ் எழுநூற்றைம்பதுதான். கெய்சரோ மூவாயிரம். அப்பாவிடம் காட்டினேன்.

"வாடகைக்கு இருக்கறவங்க கணக்கு பேசக் கூடாதும்மா."

அம்மா அயர்ன் பாக்ஸை எடுத்து வைத்துவிட்டு, செம்பில் தணலைப் போட்டு அப்பாவின் ஆபீஸ் சட்டையைத் தேய்த்தாள். அன்றும் ஃபியூஸ் போனது. ஓனர் கீழிருந்து கத்தினார். அம்மா கையில் தணல் செம்பு இருக்கும்போதே அப்பா படியில் நின்று, "தப்பாய்து சார்" என்று கன்னடத்தில் தப்பை ஒப்புக்கொண்டார். அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று அலமாரியிலிருந்து அயர்ன் பாக்ஸை எடுத்துப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு. கெய்சரைப் போட்டது யாரு?"