போகிறவரை எங்கே என்று கேட்ட ரோபோ

மலேசியாவில் மாசாய் ஊர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் வாசல் கவுண்ட்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவள் புஷ்பவள்ளி. பாலோ ஊர் அங்கம்மாவின் இரண்டாவது பெண். அங்கம்மா, பிள்ளைகளை ஏற்றாமல் போன ஸ்கூல் பஸ்ஸைக் குறுக்கே நின்று திருப்ப வைத்தவள். மகளுக்கு உயரம் அப்பாவிடமிருந்து வந்தது, வாய் அம்மாவிடமிருந்து.

போன வருஷம் கவுண்ட்டருக்கு முன்னால் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடுப்பு உயரம், வெள்ளை நிறம், இரண்டு நீலக் கண். வருகிறவர்களிடம் பேசி, எந்தப் பிரிவோ அதுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரும். புஷ்பவள்ளிக்கு அதன்மேல் கோபமில்லை. முட்டி வலிக்காரி, அது நடந்தால் நல்லதுதானே என்றிருந்தாள்.

அது வாயைத் திறந்தபோதுதான் வினை. யார் வந்தாலும் ஒரே கேள்வி. மலாய்க்காரர்களிடம் "நாக் கெ மானா?" என்றது. அவர்களுக்கு அது நலம் விசாரிக்கிற மாதிரி. அதையே நம்மவர்களிடம், "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டது. கிளம்பிப் போகிறவரை நிறுத்தி எங்கே என்று கேட்கலாமா, அதுவும் ஆஸ்பத்திரியில்? ஸ்கேனுக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி கண் கலங்கி வாசலோடு திரும்பிவிட்டாள்.

அன்றிலிருந்து தமிழ் முகம் தெரிந்தால் புஷ்பவள்ளி எழுந்துபோய் ரோபோவை மறைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க, யாரைப் பாக்கணும்?" என்று அவளே கேட்டாள்.

மேலாளர் அமலநாதன் கூப்பிட்டான். மூவார் ஊர்க்காரன், வயதில் சின்னவன்.

"அக்கா, மேலிடத்துல கேமராவுல பாத்துட்டுக் கேக்கறாங்க. ரோபோவுக்கு நீங்க என்ன பாடிகார்டா?"

"கேள்வியை மாத்தச் சொல்லுங்க சார். நான் ஏன் எந்திரிக்கிறேன்?"

"அடுத்த வருஷம்தான் மாத்துவாங்களாம். எங்கம்மாவும் யாராச்சும் கேட்டா திரும்பி வந்து உக்காந்துருவாங்கதான். ஆனா மெஷின் கேட்டா ஒன்னும் ஆவாது லா."

"உங்கம்மாவை இங்க ஒருநாள் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்குப் பின்னால துணி ரூமு. போர்வை, தலகாணி பாத்துக்கணும். நான் சொல்லல, மேல சொல்லிட்டாங்க."

"நான் போகல."

"அக்கா..."

"போகலன்னு சொன்னேன்."

திங்கட்கிழமை காலையில் கவுண்ட்டரில்தான் வந்து உட்கார்ந்தாள். அமலநாதன் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது அர்ச்சுனன் உள்ளே நுழைந்தார். அங்கம்மாவின் தங்கை புருஷன், புஷ்பவள்ளிக்குச் சித்தப்பா. அன்று அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். கூட மகன் ரூபேந்திரன்.

இவள் எழுவதற்குள் ரோபோ உருண்டுபோய் அவர் முன்னால் நின்றது. "நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"கேட்டுருச்சா? சரி, வண்டியைத் திருப்பு" என்றார் சித்தப்பா.

"அப்பா, டாக்டர் காத்திருக்காரு. அது ரோபோப்பா."

"எதுவா இருந்தா என்ன, கேட்டது கேட்டதுதான்."

புஷ்பவள்ளி ரோபோவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்க்க நிறுத்தினாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒரு வாய் தண்ணி குடு புள்ள. குடிச்சிட்டு மறுபடி கெளம்பறேன்."

"தண்ணி குடிச்சா ஆபரேஷன் இல்ல சித்தப்பா. கொப்பளிச்சுத் துப்புங்க, போதும்."

கொப்பளித்தார். வாசலுக்கு வெளியே கூட்டிப்போய், வலது காலை வைத்து வரச் சொன்னாள். "வாங்க சித்தப்பா" என்று அப்போதுதான் வந்தவரைப் போல வரவேற்று, கையைப் பிடித்து லிப்ட் வரை நடத்திக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அமலநாதன் அங்கேயே நின்றிருந்தான்.

"பெரியவரை அனுப்பிட்டீங்க, நல்லதுக்கா. ஆனா மெஷினைத் தொட்டீங்க. வார்னிங் லெட்டர் வரும்."

"வரட்டும் தம்பி." அதுவரை அவனை சார் என்றே கூப்பிட்டவள். "துணி ரூமுல வச்சுக் குடுத்தா வாங்க மாட்டேன். இங்க கொண்டாந்து குடு. இந்த நாற்காலியில உக்காந்துதான் வாங்குவேன்."

துணி ரூமுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். கடிதமும் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள். அப்போது ஒரு தமிழ்க் குடும்பம் வாசலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தது. கடிதத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள், போய் ரோபோவுக்கு முன்னால் நின்றாள்.